லை, லே: கிடப்பதும் கிடத்துவதும்

ஆங்கிலத்தில் வருடக்கணக்கில் எழுதிப் பழகியவர்களையும் ஒரு நொடி தயங்கவைக்கும் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. ஒன்று ‘லை’, எல், ஐ, இ என்று மூன்று எழுத்துகள். மற்றது ‘லே’, எல், ஏ, ஒய். முதலாவதற்குக் கிடத்தல், படுத்தல், அமைந்திருத்தல் என்று பொருள். இரண்டாவதற்குக் கிடத்துதல், வைத்தல், பதித்தல், இடுதல் என்று பொருள். அகராதியைப் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ‘நேற்று மதியம் சற்று நேரம் படுத்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். லே, லெய்ட், லைட் என மூன்று வடிவங்கள் வந்து வரிசையில் நிற்கும். எதை எடுப்பது என்று தெரியாமல் பலரும் ‘தூங்கினேன்’ என்று வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவார்கள்.

இந்தக் குழப்பத்தில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதில் ஓயாமல் இடறுகிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டுக் காரணம் ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன். தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ‘பானை உடைந்தது’ என்றும் ‘பானையை உடைத்தான்’ என்றும் ஐந்து வயதுக் குழந்தை பிசகாமல் சொல்கிறது. லை, லே ஆகியவற்றுக்கு இடையே இருப்பதும் அதே வேறுபாடுதான்.

‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள்

‘புத்தகம் மேசைமேல் கிடக்கிறது.’ இந்த வாக்கியத்தைப் பார்த்து ‘எதைக் கிடக்கிறது?’ என்று கேட்க முடியாது. கேள்வியே பொருந்தவில்லை. ஆகவே இங்கே லை. ‘புத்தகத்தை மேசைமேல் வைக்கிறேன்.’ எதை வைக்கிறேன்? புத்தகத்தை. கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஆகவே இங்கே லே. பள்ளியில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை என்று படித்தோமே, அதுதான் இது. தமிழ் வாக்கியத்தில் ‘ஐ’ உருபு ஏறிய ஒரு சொல் அந்த வினைக்காகக் காத்திருக்கிறது என்றால் ஆங்கிலத்தில் லே வரும், இல்லையென்றால் லை.

மருத்துவர் நோயாளியிடம் ‘படுங்கள்’ என்று சொல்ல நினைத்தால் ‘லை டௌன்’ என்று சொல்ல வேண்டும். ‘தலையைத் தலையணைமேல் வையுங்கள்’ என்றால் தலை என்னும் பொருள் வந்துவிட்டது, அங்கே லே. ஒரே ஆள், ஒரே கட்டில், ஏறக்குறைய ஒரே செயல். ஆனாலும் வினை மாறிவிடுகிறது. உடல் தானாகப் படுக்கிறதா, ஏதோ ஒன்று எடுத்து வைக்கப்படுகிறதா என்பதே கணக்கு.

செயப்பாட்டு வினை வரும்போது மட்டும் சற்று நிதானம் தேவை. அங்கே செயப்படுபொருள் எழுவாயின் இடத்துக்கு நகர்ந்துவிடுவதால், பார்த்தவுடன் ‘எதை?’ என்னும் கேள்விக்கு விடை இல்லாததுபோல் தோன்றும். பழைய அரசுக் கட்டடங்களின் முகப்பில் பதித்திருக்கும் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபவுண்டேஷன் ஸ்டோன் லெய்ட் பை’ என்று தொடங்கி, ஒரு பெயரும் தேதியும் இருக்கும். இன்னாரால் அடிக்கல் நாட்டப்பட்டது என்று பொருள். கல் தானாகப் போய் மண்ணில் படுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் அதை நாட்டினார். எதை நாட்டினார்? கல்லை. அதனால் அது லேயின் வடிவமான லெய்ட். அந்தக் கல்லை இனி எங்கே பார்த்தாலும் இலக்கணப் பாடம் நினைவுக்கு வரட்டும். லெய்ட் என்னும் வடிவத்துக்கு அதைவிட உறுதியான எடுத்துக்காட்டு நம் ஊர்களில் கிடைக்காது.

தமிழ்நாட்டில் லே வேறு வழியாகவும் ஏற்கெனவே புழங்குகிறது. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைக்காரர்கள் கறிக்கோழியை பிராய்லர் என்றும் முட்டைக்கோழியை லேயர் என்றும் சொல்கிறார்கள். லேயர் என்றால் இடுவது, எதை இடுவது? முட்டையை. வீட்டுமனை வாங்கப் போனால் லேஅவுட் என்கிறார்கள். மனைகளையும் தெருக்களையும் வகுத்து அமைத்த படம். தொழிற்சாலையில் லேஆஃப் என்கிறார்கள். தொழிலாளர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது. மூன்றிலும் யாரோ எதையோ செய்கிறார்கள், யாரையோ நிறுத்துகிறார்கள். லை என்னும் சொல்லுக்கு இப்படி அன்றாடத் தமிழில் ஓர் இடம் கிடைக்கவில்லை.

வடிவங்கள்

உண்மையான தொல்லை பொருளில் இல்லை. கால வடிவங்களில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறேன். முதலில் நிகழ்காலம், பிறகு இறந்தகாலம், பிறகு ஹேவ், ஹேஸ், ஹேட் ஆகியவற்றுக்குப் பின் வரும் வடிவம், கடைசியாகத் தொடர் வடிவம்.

கிடப்பதற்கு: லை, லே, லெய்ன், லையிங்.
கிடத்துவதற்கு: லே, லெய்ட், லெய்ட், லேயிங்.

மேல் வரியில் இரண்டாவதாக நிற்கும் சொல்லைப் பாருங்கள். கீழ் வரியில் முதலாவதாக நிற்கும் சொல்லைப் பாருங்கள். இரண்டும் லே. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. கிடப்பதைக் குறிக்கும் வினை, இறந்தகாலத்துக்குப் போகும்போது கிடத்துவதைக் குறிக்கும் வினையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. எல்லாக் குழப்பமும் இந்த ஓர் இடத்திலிருந்து கிளம்புகிறது. இது மட்டும் வேறாக இருந்திருந்தால் இப்படி ஒரு கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

எனவே ‘நேற்று மதியம் சற்று நேரம் படுத்தேன்’ என்பதற்கு விடை ‘லே’. நேற்று என்பதால் இறந்தகாலம், எதை என்று கேட்க முடியாததால் மேல் வரி, மேல் வரியின் இரண்டாம் சொல் லே. காதுக்கு அது தவறுபோல் ஒலிக்கும். ‘இறந்தகாலத்துக்கு டி சேர்க்க வேண்டாமா?’ என்று மனம் அரிக்கும். அந்த அரிப்புக்கு இடங்கொடுத்துத்தான் பலர் ‘நாள் முழுக்கக் கட்டிலில் லெய்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். நன்றாக எழுதுகிறவர்களிடமும் நான் அடிக்கடி காணும் பிழை இது. லெய்ட் என்று எழுதியதும் நிறுத்தி, எதை என்று ஒருமுறை கேட்டாலே போதும்.

லெய்ன் என்னும் வடிவம் பேச்சில் அருகிப்போய்விட்டது. அதனாலேயே அது கையில் வராமல் நழுவுகிறது. ஆனால் எழுத்தில் அதற்கு மாற்று இல்லை. ‘இத்தனை நாளும் அங்கேயே கிடந்திருக்கிறது’ என்று எழுத வேண்டுமானால் லெய்ன்தான் வர வேண்டும்.

ஒரு கப்பலின் கதையில் எல்லா வடிவங்களும்

பட்டியலை மனப்பாடம் செய்வது சலிப்பான வேலை. இந்த வடிவங்கள் அத்தனையும் ஒரே வரலாற்றில் இயல்பாக வந்துபோவதைக் காட்ட டைட்டானிக் கப்பலைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

1909 மார்ச் 31 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் ஹார்லாண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் டைட்டானிக்கின் அடிமரத்தை அமைத்தார்கள். அடிமரம் என்பது கப்பலின் முதுகெலும்பு. அதை வைத்தால்தான் கப்பல் வேலை தொடங்கியதாகக் கணக்கு. எதை வைத்தார்கள்? அடிமரத்தை. கப்பல் கட்டுகிறவர்கள் இதற்கு வழிவழியாகப் பயன்படுத்தும் சொல் லெய்ட். அதாவது கீழ் வரியின் இரண்டாம் வடிவம்.

1912 ஏப்ரல் 4 முதல் 10 வரை கப்பல் சவுதாம்ப்டன் துறையில் நின்றது. நின்றது என்று தமிழில் சொல்கிறோம்; ஆங்கிலத்தில் கப்பல் துறைமுகத்தில் இருப்பதற்கு லை என்பார்கள். எதை என்று கேட்க முடியாது, காலமோ இறந்தகாலம். ஆகவே ‘லே’. 10ஆம் தேதி மாலை பிரான்சின் ஷெர்பூர்க்கை அடைந்தபோது துறைமுகம் அதன் அளவுக்குப் போதவில்லை. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுக் கப்பல்கள் பயணிகளைக் கொண்டுவந்து ஏற்றின. அங்கேயும் ‘லே அட் ஆங்கர்’. லேயின் பொருள் வைத்தல் என்று மட்டும் படித்த ஒருவர் இந்தத் தொடரைப் பார்த்தால், கப்பல் எதையோ நங்கூரத்தில் வைத்ததாக எண்ணித் திகைப்பார். மேல் வரியின் இறந்தகாலம் இது என்று தெரிந்தவருக்குத் திகைப்பு இல்லை.

ஏப்ரல் 14 நள்ளிரவுக்குச் சற்று முன் பனிமலையில் மோதி, 15ஆம் தேதி அதிகாலையில் மூழ்கியது. உடல்களைத் தேட ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மக்கே பென்னட் என்னும் கப்பல் அனுப்பப்பட்டது. அது பயணிகள் கப்பல் அன்று. கடலடியில் தந்திக் கம்பி பதிக்கவும் பழுதுபார்க்கவும் பயன்பட்ட கப்பல். அந்த வகைக் கப்பலைக் குறிக்க ஆங்கிலத்தில் வரும் சொல்லில் லேயிங் உண்டு, ஏனென்றால் அது கம்பியைப் பதிக்கிறது. அந்தக் கம்பியோ கடலடியில் லையிங். ஒரே கம்பிக்கு இரண்டு சொல்லும் பொருந்துகின்றன: பதிக்கும் கை உள்ளவரை லேயிங், கை எடுத்த பிறகு லையிங்.

மீட்ட உடல்களில் 121 பேரின் உடல்கள் ஹாலிஃபாக்ஸின் ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அவர்கள் இன்றும் அங்கே உறங்குகிறார்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் லை. ‘இங்கே துயில்கிறார்’ என்னும் கல்லறை வாசகத்துக்கு ‘ஹியர் லைஸ்’ என்று பொறிப்பதும் இதே வினைதான்.

கப்பலின் சிதைவு கடலுக்கடியில் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பேலர்டும் ழான் லூயி மிஷேலும் தலைமையேற்ற அமெரிக்க, பிரெஞ்சு கூட்டுக்குழு அதைக் கண்டுபிடித்தது. அப்போது அது 73 ஆண்டுகள் அங்கேயே கிடந்திருந்தது. ‘கிடந்திருந்தது’ என்பதற்கு ‘ஹேட் லெய்ன்’. இந்த இடத்தில் லெய்ட் என்று எழுதினால் கப்பல் 73 ஆண்டுகளாக எதையோ இட்டுக்கொண்டிருந்தது என்று பொருள் வந்துவிடும். முன்பகுதியும் பின்பகுதியும் இரண்டாகப் பிளந்து, ஏறத்தாழ 600 மீட்டர் இடைவெளியில் இன்றும் கிடக்கின்றன: லை. அந்த விபத்துக்குப் பிறகு வட அட்லாண்டிக்கில் பனிமலைகளைக் கண்காணிக்க ஏற்படுத்திய சர்வதேச ரோந்து அமைப்பு, ஏப்ரல் மாதத்தில் அந்தக் கடற்பரப்பில் மலர்வளையம் இட்டு அஞ்சலி செலுத்துகிறது. இடுகிறது என்பதற்கு ‘லேஸ்’.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்படி ஒரு கதையைச் சொல்லி ஒவ்வோர் இடத்திலும் ‘எதை?’ என்று கேட்கச் சொல்லலாம். புயலில் சாய்ந்த மரமாக இருக்கட்டும், புதிதாகப் போட்ட சாலையாக இருக்கட்டும். வைத்தல், கிடத்தல் இரண்டும் அங்கே வந்தே தீரும்.

தமிழில் இது எப்படி நிற்கிறது

தமிழில் கிட என்பது தன்வினை, கிடத்து என்பது பிறவினை. ‘உடல் கூடத்தில் கிடந்தது’, ‘உடலைக் கூடத்தில் கிடத்தினார்கள்’. முதல் வாக்கியத்தில் மெல்லின ‘ந்’. இரண்டாவதில் வல்லின ‘த்’. திருந்தினான், திருத்தினான், அடங்கியது, அடக்கினான் என்று இப்படி எத்தனையோ இணைகள் உண்டு. சேர், பிரி, மறை, எரி, அசை, கவிழ் போன்றவற்றில் வினையடி மாறாமல், காலம் காட்டும் இடத்தில் மட்டும் மென்மையும் வன்மையும் மாறும்: சேர்ந்தான், சேர்த்தான், மறைந்தது, மறைத்தது. எழுத்துக்கூடத் தெரியாத பாட்டியும் இதில் தவறுவதில்லை. ஒரு மெய்யெழுத்தின் மென்மையில் இவ்வளவு பொருளை ஏற்றிவைத்திருக்கும் மொழியில் வளர்ந்தவர்கள், லைக்கும் லேக்கும் இடையில் உள்ள ஓர் உயிரெழுத்து வேறுபாட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

லையை மொழிபெயர்க்க ‘கிட’ என்பதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். ‘படு’ என்று மட்டும் நினைத்தால் மனிதர்களோடும் விலங்குகளோடும் நின்றுவிடும். கிட என்பதோ புத்தகத்துக்கும் ஊருக்கும் நிலத்துக்கும் பொருந்தும். நிலம் தரிசாகக் கிடக்கிறது என்பதற்கு ஆங்கிலத்திலும் லைதான். மதுரை வைகைக் கரையில் இருக்கிறது என்று நில அமைப்பைச் சொல்லும்போதும் லை வரும். தவறு எங்கே இருக்கிறது, பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்னும் அருவமான இருப்புக்கும் அதே சொல்.

லேக்கு ஒரே தமிழ்ச் சொல்லைப் பிடித்துத் தொங்க முடியாது. முட்டை இடுவோம், செங்கல் அடுக்குவோம், தண்டவாளம் பதிப்போம், சாலை போடுவோம், பாய் விரிப்போம், அடிக்கல் நாட்டுவோம், கோட்டையை முற்றுகையிடுவோம், பழியைச் சுமத்துவோம், வலை விரிப்போம், ஆயுதத்தைக் கீழே வைப்போம். ஆங்கிலத்தில் இவை அத்தனைக்கும் லே. ஒவ்வொன்றிலும் செயப்படுபொருள் கூடவே நிற்கிறது என்பதைக் கவனித்தால் போதும். தமிழ்ச் சொல் எதுவாக இருந்தாலும் ஆங்கிலச் சொல் தவறாது.

ஏன் இப்படி ஆயிற்று

இந்த இரண்டு வினைகளும் உடன்பிறப்புகள். பழைய ஜெர்மானிய மொழிகளில், ஒரு வினையின் இறந்தகாலத்தில் வரும் உயிரோசையை எடுத்து, அதனோடு ஒரு விகுதி சேர்த்துப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்தது. கிடத்தலைக் குறித்த வினையிலிருந்து கிடத்துதல் அப்படித்தான் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் அவை லிட்ஜன், லெட்ஜன் என்று ஒலித்தன. லிட்ஜனின் இறந்தகால வடிவமும் லெட்ஜனின் சில நிகழ்கால வடிவங்களும் நெருங்கிய ஓசை கொண்டவையாக இருந்தும் வெவ்வேறாக நின்றன. இடைக்கால ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஓசைகளும் கலந்து ஒன்றாகிவிட்டன. அன்று தொடங்கிய சிக்கலை இன்றும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெர்மன் மொழியில் இந்த விபத்து நடக்கவில்லை. அங்கே கிடத்தல் லீகென், கிடத்துதல் லேகென். கிடந்தது என்பதற்கு லாக், கிடத்தினான் என்பதற்கு லெக்டெ. நடுவில் உள்ள ‘க்’ ஓசையை ஜெர்மன் காப்பாற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் அது இளகி ‘ய்’ ஆகி, உயிரெழுத்தோடு கரைந்துபோனது. டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளிலும் இதே இணை இருக்கிறது.

ஆங்கிலத்திலேயே இந்தக் குடும்பத்து மற்ற இணைகளையும் காணலாம். சிட் என்றால் உட்கார்தல், செட் என்றால் அமர்த்துதல், வைத்தல். ரைஸ் என்றால் எழுதல், ரெய்ஸ் என்றால் எழுப்புதல். விலை தானாக ஏறினால் ரைஸ், வியாபாரி விலையை ஏற்றினால் ரெய்ஸ். டிரிங்க் என்றால் குடித்தல். அதன் பிறவினையாகப் பிறந்தது டிரென்ச், அதாவது குடிக்கச்செய்தல். இன்று டிரென்ச் என்றால் தொப்பலாக நனைத்தல் என்றாகிவிட்டது. ஆனால் மாட்டுக்கு வாய்வழியே மருந்து புகட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் டிரென்ச்சிங் என்றே சொல்கிறார்கள். பழைய பொருள் தொழுவத்தில் பத்திரமாக இருக்கிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபால், ஃபெல் இணை. ஃபால் என்றால் விழுதல். அதன் இறந்தகாலம் ஃபெல். ஃபெல் என்பது தனி வினையாகவும் இருக்கிறது. அதற்கு மரத்தை வெட்டி வீழ்த்துதல் என்று பொருள், அதன் இறந்தகாலம் ஃபெல்ட். ‘மரம் விழுந்தது’ என்பதற்கு ஃபெல், ‘மரத்தை வீழ்த்தினார்கள்’ என்பதற்கு ஃபெல்ட். லை, லே சிக்கலின் அச்சு அசலான நகல் இது. ஆனாலும் யாரும் இதில் குழம்புவதில்லை. காரணம், வீழ்த்துதலைக் குறிக்கும் ஃபெல் அன்றாடப் பேச்சில் வருவது அரிது. லை, லே இரண்டும் நாள்தோறும் புழங்குவதால் ஓயாமல் மோதிக்கொள்கின்றன.

தாய்மொழியாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள்

ஆங்கிலப் படம் பார்க்கும்போதும் வெளிநாட்டுப் பயிற்றுநரின் யோகா காணொளியைப் பின்பற்றும்போதும் ‘லே டௌன்’, ‘லே ஆன் யுவர் பேக்’ என்று ஏவல் கேட்கக்கூடும். படுங்கள் என்று சொல்ல அங்கே லை வர வேண்டும். கேட்டதை வைத்து, நாம் படித்தது தவறோ என்று ஐயுற வேண்டாம். படுத்தல் என்னும் பொருளில் லேயைப் பயன்படுத்துவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள்தான் அதைப் பிழை என்று கண்டிக்கத் தொடங்கினார்கள். பேச்சு அதற்குக் கட்டுப்படவே இல்லை, எழுத்து கட்டுப்பட்டது.

அப்படிப் பேசுவதற்கு ஒரு பழைய வாசலும் உண்டு. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் மூன்றாம் சங்கீதத்தில் ‘ஐ லெய்ட் மீ டௌன் அண்ட் ஸ்லெப்ட்’ என்று வருகிறது. என்னை நானே கிடத்திக்கொண்டு உறங்கினேன் என்பதுபோன்ற அமைப்பு. ‘மீ’ என்னும் செயப்படுபொருள் அங்கே இருப்பதால் லெய்ட் முற்றிலும் சரி. அந்த ‘மீ’ வழக்கில் உதிர்ந்துபோனால் மிஞ்சுவது ‘ஐ லெய்ட் டௌன்’. அதே நூலின் 23ஆம் சங்கீதத்தில் பசும்புல் வெளியில் என்னைப் படுக்கச் செய்கிறார் என்னும் இடத்தில் லை வருகிறது. அங்கே படுக்கிறவர் நான். படுக்கச் செய்வதற்கு வேறு ஒரு வினை துணைக்கு நிற்கிறது. இரண்டு சங்கீதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறுபாடு கண்ணாடிபோல் தெரியும்.

உச்சரிப்பும் சில ஊர்களில் காலை வாரும். ஆஸ்திரேலியர்களும் லண்டனின் காக்னி வழக்கில் பேசுகிறவர்களும் லே என்று சொல்வது நம் காதுக்கு லை என்று விழும். அங்கே காதை நம்பாமல் வாக்கியத்தை நம்ப வேண்டும்.

என் கருத்து இது: பேச்சில் யாரையும் திருத்தாதீர்கள், எழுத்தில் உங்களை விடாமல் திருத்திக்கொள்ளுங்கள். வேலைக்கான விண்ணப்பம், தேர்வுத்தாள், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றைப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு சொற்களை உற்றுப் பார்ப்பவர்களாக இருக்கக்கூடும். பழமொழிகளிலும் மாற்றம் கூடாது. தூங்குகிற நாயைக் கிளப்பாதே என்பதற்கான ஆங்கிலத் தொடர் லை என்றுதான் முடியும். நாய் தானாகத்தான் கிடக்கிறது. நிலைமை எப்படி இருக்கிறது என்று நோட்டம் பார்ப்பதைக் குறிக்கும் தொடரில் மட்டும் பிரிட்டிஷ் வழக்கு லையும் அமெரிக்க வழக்கு லேயும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே அது வினையாக வரவில்லை, பெயராக நிற்கிறது. ஆகவே இரண்டும் சரி.

இன்னும் இரண்டு சிறு முடிச்சுகள்

பொய் சொல்லுதலைக் குறிக்கும் லை வேறு வினை. எழுத்து ஒன்று, வேர் வேறு. அதன் வடிவங்கள் லை, லைட், லைட், லையிங். எனவே லைட் என்று டி சேர்த்து எழுதினால் பொய் சொன்னான் என்று மட்டுமே பொருள். ‘அவர் கட்டிலில் லைட்’ என்று எழுதினால் கட்டிலில் இருந்தபடி பொய் சொன்னார் என்றாகிவிடும். தொடர் வடிவமான லையிங் இரண்டு வினைக்கும் பொது. அங்கே சூழல்தான் துணை.

கோழி விஷயத்தில் லே சில சமயம் செயப்படுபொருள் இல்லாமல் வரும். கோழி இப்போது இடுவதில்லை என்று நாமும் முட்டையைச் சொல்லாமலே சொல்கிறோம் அல்லவா? சொல்லாவிட்டாலும் முட்டை மனதில் இருக்கிறது. இதை விதிவிலக்காகக் கருதத் தேவையில்லை.

நினைவில் வைக்க ஓர் எளிய வழி உண்டு. வைத்தலைக் குறிக்கும் ‘பிளேஸ்’ என்னும் சொல்லுக்குள் லே என்னும் ஓசை இருக்கிறது. சாய்ந்து படுத்தலைக் குறிக்கும் ‘ரிக்லைன்’ என்னும் சொல்லுக்குள் லை இருக்கிறது. நிகழ்காலத்துக்கு இது போதும். இறந்தகாலத்துக்கு மேலே எழுதிய இரண்டு வரிகளைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இனி நீங்களே செய்து பாருங்கள். ‘நாய் வாசலில் படுத்திருக்கிறது’ என்பதற்குத் தொடர் வடிவம், எதை என்று கேட்க முடியாது, எனவே லையிங். ‘கொத்தனார் காலையிலிருந்து செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்’ என்றால் செங்கல் இருக்கிறது, லேயிங். ‘பனி நேற்று மலைமேல் படர்ந்து கிடந்தது’ என்றால் இறந்தகாலம், செயப்படுபொருள் இல்லை, லே. ‘தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்’ என்றால் குழந்தையை, லெய்ட். கடைசியாகச் சாவியைத் தேடும் ஒரு வீட்டிலிருந்து இரண்டு வாக்கியங்கள். ‘சாவியை இங்கேதான் வைத்திருந்தேன்’ என்பதில் சாவியை வைத்த கை உண்டு, ஹேட் லெய்ட். ‘காலையிலிருந்து அலமாரிக்கு அடியில்தான் கிடந்திருக்கிறது’ என்பதில் சாவி தானாகக் கிடக்கிறது, ஹேஸ் லெய்ன்.